காலிக் கூண்டோடு ஒரு மாதம் இருந்து பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். வங்கியில் வேலை பார்க்கிறார். கணவர் தினமும் திருப்பூர் போய் வருகிறவர், வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். மாமியார் உடன் இருக்கிறார். தனி வீடு, வாசலில் மாமரம், தெருப் பூனை ஒன்று உரிமையோடு உள்ளே வந்து போகும். மகளுக்கு அடுத்த மாதம் 11 வயது. சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்து, கூப்பிட்டதும் காற்றில் மிதந்து வந்து கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் கிளைடர் என்ற அணில் மாதிரியான சின்னப் பிராணியின் வீடியோக்களை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறந்தநாள் பரிசாக அதுதான் வேண்டுமாம்.

அம்மா ஒரு கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் சொன்னவற்றை அப்படியே எழுதியிருக்கிறார்: "ஒண்ணே போதும் மேடம், ரெண்டா வாங்கினா அதுங்களே விளையாடிக்கும், உங்ககிட்ட ஒட்டாது. கண் தொறக்காத குட்டியா எடுத்துக்கங்க, பாசம் ஜாஸ்தி. ஆப்பிள், தேன், ரொட்டி வச்சா போதும். லைசென்ஸ் எதுவும் வேண்டாம்." வெள்ளெலிக்கென்று விற்கும் ஒரு கூண்டையும் இவர் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். பழகிய பிறகு மாமரத்திலிருந்து பறக்க விடலாமா என்று மகள் கேட்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குடும்பமே சிவகங்கைப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். "இதற்கெல்லாம் முன்கூட்டியே என்ன தயாராக வேண்டும் டாக்டர்? எங்களால் முடியுமா?" என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள், அதற்கு நன்றி. என்னிடம் சுகர் கிளைடரோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கிய பிறகு, அதுவும் காலம் கடந்த பிறகுதான் வருகிறார்கள். அப்படி வந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் மழை பெய்த ஒரு சாயங்காலம், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் செருப்பு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்தேன். கைக்குட்டைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உடல், முன்னங்கால்களால் டப்பாவின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்த்தது. பின்னங்கால்கள் இரண்டும் நனைந்த நூல் போலப் பின்னால் இழுபட்டன. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எது, சதை எது என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாக இருந்தது. ஐந்து மாதமாக ஆப்பிளும் தேனும் ரொட்டியும்தான் சாப்பாடு. உடம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உணவில் இல்லாததால், அது தன் எலும்பிலிருந்தே எடுத்து எடுத்துக் காலியாகியிருந்தது. கால்சியம் ஊசி, அசையாமல் வைத்திருக்கச் சின்னக் கூண்டு, சொட்டு சொட்டாக உணவு என்று இரண்டு வாரம் பார்த்தோம். உயிர் பிழைத்தது, பின்னங்கால்கள் திரும்பவில்லை. "எல்லாம் ஃப்ரெஷ் பழம்தானே டாக்டர் கொடுத்தேன்" என்று அந்தத் தம்பி திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்டதும் உங்களுக்குச் சொல்லப்பட்டதும் ஒரே பட்டியல், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இது அணில் அல்ல

கடிதம் முழுக்கப் 'பறக்கும் அணில்' என்றே எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இது கங்காருவைப் போல வயிற்றில் பை வைத்துக் குட்டியை வளர்க்கும் பிராணி. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினித் தீவும். வளர்ந்தாலும் எடை 100 முதல் 150 கிராம்தான் இருக்கும், ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவு. முன்காலின் கடைசி விரலிலிருந்து பின்காலின் முதல் விரல் வரை தோல் விரிந்து, மரத்துக்கு மரம் 50 மீட்டர் வரைகூடச் சறுக்கிப் போகும். அதற்குப் பறக்கத் தெரியாது, உயரத்திலிருந்து தாழ்வுக்குச் சறுக்கத்தான் தெரியும்.

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்மையான பறக்கும் அணில்கள் இருக்கின்றன. அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. யாராவது "மலையில் பிடித்தது, விலை கம்மி" என்று காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம்.

ஒன்றா, இரண்டா?

இரண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காட்டில் இவை ஐந்தாறு, பத்து என்று கூட்டமாக ஒரே மரப்பொந்தில் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு தூங்கும். ஆண் தன் தலையிலும் நெஞ்சிலும் உள்ள வாசனைச் சுரப்பியைத் தேய்த்து, "இது நம் கூட்டம்" என்று எல்லோருக்கும் அடையாளம் போட்டு வைக்கும். தனியாக வைத்தால் சில சாப்பாட்டை விட்டுவிடும், சில கூண்டிலேயே சுற்றிச் சுற்றி வரும், சில தன் வாலையும் காலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தன் ஆணுறுப்பையே கடித்துக் குதறிக்கொண்டு வந்த பிராணிக்கு அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். பகலெல்லாம் நீங்கள் வங்கியில், மகள் பள்ளியில். இரவில் நீங்கள் கொடுக்கும் ஒரு மணி நேரம் மற்ற நேரத்துத் தனிமைக்கு ஈடாகாது.

இரண்டு இருந்தால் நம்மிடம் ஒட்டாது என்பதும் சரியல்ல. துணை இருக்கிற பிராணி பயமில்லாமல் இருக்கும், பயமில்லாதது சீக்கிரம் பழகும். இரண்டும் பெண்ணாக இருக்கலாம், அல்லது கருத்தடை செய்த ஆணும் ஒரு பெண்ணும். ஒரே வீட்டுக் குட்டிகளை ஆணும் பெண்ணுமாக வாங்கி அப்படியே விட்டுவிட்டால், ஒரு வருடத்துக்குள் அண்ணன் தங்கைக்கே குட்டி பிறக்கும். வாங்கும் முன் இந்த அறுவை சிகிச்சையை யார் செய்வார், எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றின் நடுவே சின்ன உருண்டை போலத் தொங்குவது ஆணின் விதைப்பை. கட்டி என்று பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு.

கண் திறக்காத குட்டி வேண்டவே வேண்டாம்

சுகர் கிளைடரின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 16 நாள்தான். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாகப் பிறந்து, தானே ஊர்ந்து தாயின் பைக்குள் போய், அங்கே சுமார் 70 நாள் பாலில் தொங்கிக்கொண்டே வளரும். பையை விட்டு வெளியே வந்த பிறகும் ஒரு வாரம், பத்து நாள் கண் மூடியே இருக்கும். அப்போது அதற்குத் தெரிந்ததெல்லாம் தாயின் பாலும் சூடும் மட்டும். அந்த நிலையில் பிரித்து எடுப்பதைப் பாசம் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி வந்த குட்டி, பால் புரையேறியோ குளிரிலோ வயிற்றுப்போக்கிலோ இரண்டு மூன்று நாளில் போய்விடும். பையிலிருந்து வெளிவந்து குறைந்தது எட்டு வாரம் ஆகி, தானாகச் சாப்பிடுகிற குட்டியைத்தான் வாங்க வேண்டும். கடையில் உங்கள் கண் முன்னால் அது சாப்பிடுவதைப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, வேலை மாறியோ வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாமலோ கொடுத்துவிட நினைக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டு மூன்று வயதான, ஒன்றோடொன்று பழகிய ஜோடி கிடைத்தால் உங்களைப் போன்ற புதியவர்களுக்கு அது பெரிய உதவி. என்ன சாப்பிடும், கடிக்குமா, ஏதாவது நோய் உண்டா என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். வளர்ந்தது பழகாது என்பார்கள், அதை நம்ப வேண்டாம். நாலைந்து வாரம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி

காட்டில் இவை மரப்பிசின், மரத்தின் இனிப்பு நீர், பூந்தேன், இவற்றோடு ஏராளமான பூச்சிகளைத் தின்கின்றன. ஆஸ்திரேலியாவில் இவை விரும்பி நக்கும் பிசின்களில் ஒன்று வாட்டில் மரத்தினுடையது. உங்கள் ஊருக்கு மேலே நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டு, இன்று காடாகப் பரவிக் கிடக்கிறதே, அதே மரம்தான். பழத்துக்கு இந்தப் பட்டியலில் சின்ன இடம்தான் உண்டு.

கணக்கு இதுதான்: உணவில் கால்சியம் பாஸ்பரஸை விடக் குறையவே கூடாது, ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. ஆப்பிள், வாழைப்பழம், ரொட்டி, தானியம், பருப்பு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ்தான் அதிகம். பப்பாளி, அத்திப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றில் கால்சியம் மேலாக இருக்கும். சத்துமாவு சத்தானதுதானே என்று மாமியார் கரைத்துக் கொடுக்க நினைக்கலாம். குழந்தைக்கு நல்லது, இதற்கு ஆகாது என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் ஒரு கலவை உண்டு, லெட்பீட்டர் கலவை என்பார்கள். 150 மில்லி வெந்நீரில் 150 மில்லி தேன், ஓடு நீக்கிய அவித்த முட்டை ஒன்று, புரதம் அதிகமுள்ள குழந்தை உணவுத் தூள் 25 கிராம், வைட்டமின் தாதுப் பொடி ஒரு டீஸ்பூன், எல்லாவற்றையும் மிக்ஸியில் கட்டியில்லாமல் அடிக்க வேண்டும். ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, தினமும் வேண்டியதை மட்டும் எடுத்துக் கரைய விடலாம். இரவு உணவில் ஏறக்குறையப் பாதி இது. மீதிப் பாதியில் பூச்சியும் பூச்சிக்கு ஈடான புரத உணவும் பெரும்பங்கு, கொஞ்சம் காய், கொஞ்சம் பழம். இதைத் தவிர வேறு நல்ல கலவைகளும் உண்டு. எதை எடுத்தாலும் அதை முழுசாகச் செய்யுங்கள். ஒன்றில் பாதி, இன்னொன்றில் பாதி என்று சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். எந்தத் தாதுப் பொடி, எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், அது கூடினாலும் ஆபத்துதான்.

பூச்சி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் உயிருள்ள மாவுப்புழு கிடைக்கும். அதுவும் பாஸ்பரஸ் மிகுந்தது. எனவே முதல் நாளே புழுவுக்கு நல்ல தீனி வைத்து, கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டி, இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக் கரப்பானையும் பல்லியையும் பிடித்துத் தின்ன விடாதீர்கள், மருந்தடித்தது எது என்று நமக்குத் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் வேலம் பிசின் வாங்கி, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கிளையில் தடவி வைத்தால் மணிக்கணக்காகச் சுரண்டி நக்கிக்கொண்டிருக்கும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். கடையில் வெறுமனே 'பிசின்' என்று கேட்டால் பாதாம் பிசினை எடுத்துக் கொடுப்பார்கள், அது வேறு. சாக்லேட், வெங்காயம், பூண்டு, பால் பலகாரம், பிஸ்கட் எதுவும் கூடாது.

வீட்டுக்குள் நான் பயப்படும் இடங்கள்

நம் வீடுகளில் இந்த உயிருக்கு எமன் சீலிங் ஃபேன். வெளிநாட்டு வீடியோக்களில் அதைப் பற்றி அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். கிளைடர் எப்போதும் அறையின் உச்சியைத்தான் தேடும். திரைச்சீலையில் ஏறி, கம்பியில் நின்று, நேராக எதிர்ச்சுவருக்குத் தாவும். நடுவில் ஓடும் இறக்கை அதன் கண்ணுக்குத் தெரியாது. வெளியே விடும் அறையில் ஃபேன் ஓடவே கூடாது. வெளியே விடும் நேரத்தில் சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டிவிடுங்கள், புழுக்கத்தில் யாராவது பழக்க தோஷத்தில் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது தண்ணீர். பக்கெட், டாய்லெட் எதில் விழுந்தாலும் வழுவழுப்பான சுவரில் ஏற முடியாது. பாத்ரூம் கதவு சாத்தியிருக்கட்டும். கொசு மருந்து, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை அந்த அறைக்கு வேண்டாம். தெருப் பூனையைப் பற்றி நீங்களே கவலைப்பட்டிருக்கிறீர்கள், நியாயமான கவலை. பூனையின் வாசனையே இவற்றைப் பதற வைக்கும், ஒரு கீறல் பட்டால் போதும், சீழ் பிடித்துவிடும். அந்த ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள்.

கூண்டு குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி, உயரம் மூன்றடி. கம்பிக்குக் கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் பார்த்து வைத்த வெள்ளெலிக் கூண்டு படுத்த வாக்கில் நீண்டது, இதற்கு நின்ற வாக்கில் வேண்டும். வெறும் துத்தநாகப் பூச்சுக் கம்பி வேண்டாம், நக்கி நக்கி விஷமாகும். ஓடும் சக்கரம் வாங்கினால் நடுவில் அச்சு இல்லாததாகப் பாருங்கள், வால் சிக்கிக்கொள்ளும். பூச்சிமருந்து படாத யூகலிப்டஸ் கிளை உங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கும், கழுவிக் கட்டி வையுங்கள். பழத்தைச் சப்பிச் சக்கையைச் சுவரில் துப்பும், அதனால் கூண்டுக்குப் பின்னால் துடைக்கக்கூடிய ஷீட் ஒட்டிவிடுங்கள். இன்ன இடத்தில்தான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று பழக்க முடியாது. உங்கள் தோளிலும் போகும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டில் எல்லோருக்கும் சட்டமாக இருக்கட்டும். சால்மோனெல்லா கிருமி இவற்றிடமிருந்து வரலாம், பெரியவர் இருக்கும் வீடு.

கோவைத் தட்பவெப்பம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 24 முதல் 27 டிகிரி சுகமான அளவு. ஏசி அறையில் 18இல் வைத்துவிட்டுத் தூங்கினால் உடல் விறைத்து, கூப்பிட்டாலும் எழாத மந்த நிலைக்குப் போய்விடலாம். செத்துவிட்டது என்று அழுதுகொண்டே எடுத்து வருவார்கள். உடம்போடு அணைத்து மெதுவாகச் சூடேற்றினால் எழும், ஆனால் அந்த நிலைக்கே விடக் கூடாது.

மாமரம்? வேண்டாம், எவ்வளவு பழகினாலும் வேண்டாம். காகமும் பூனையும் ஒரு பக்கம், திரும்பி வராமல் போவது இன்னொரு பக்கம். முடியாவிட்டால் காட்டில் விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வீட்டில் யாருக்கும் வரக் கூடாது. ஆஸ்திரேலியாவிலேயே டாஸ்மேனியாத் தீவுக்கு மனிதர்கள் கொண்டுபோன சுகர் கிளைடர்கள், அங்கே பொந்தில் அடைகாக்கும் ஸ்விஃப்ட் கிளிகளைக் கொன்று தின்று, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அயல்நாட்டு உயிரினங்களில், அழியும் அபாயமுள்ள உயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள், 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். சுகர் கிளைடர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அது நாட்டுக்குள் எப்படி வந்தது என்பது தனிக் கேள்வி. உயிருள்ள விலங்கைக் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் கால்நடைத் துறையின் சுகாதார அனுமதியும் வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் துணிகளுக்கு நடுவே அயல்நாட்டுக் குட்டிகளை அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த வழியில் வந்ததை நாம் வாங்கக் கூடாது. நோய் பற்றிய பயம் ஒன்று, அந்தப் பெட்டியில் மூச்சு முட்டிச் செத்தவற்றுக்கும் நம் பணம்தான் காரணமாகிறது என்பது இன்னொன்று.

செல்லப் பிராணிக் கடைகள் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே பிறந்தது, பெற்றோர் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது கொடுக்கத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மருத்துவரையும் இப்போதே தேடுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் இதைப் பார்க்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றமில்லை. "சுகர் கிளைடர் பார்த்திருக்கிறீர்களா, சின்னப் பிராணிகளுக்கு வாயு மயக்க மருந்து கொடுக்கும் வசதி உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். உள்ளூரில் யாரும் இல்லையென்றால் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். பின்னங்கால் தள்ளாட்டம், நடுக்கம், வயிற்றுப்போக்கு, ஒரு இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, தன்னையே கடித்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் போக வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும்.

இது யாருடைய செல்லம்?

இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நல்லபடியாக வளர்த்தால் சுகர் கிளைடர் 10, 12 வருடம் இருக்கும். அப்போது உங்கள் மகளுக்கு 23 வயது. படிப்பு, விடுதி, வேலை என்று அவள் எங்கேயோ இருப்பாள். கூண்டு உங்கள் வீட்டில் இருக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு வேண்டாம், இன்றைய நிலைமையையே பாருங்கள்: அவள் ஒன்பதரைக்குத் தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது கண் விழிப்பதே அந்த நேரத்தில்தான். இரவு இரண்டு மணிக்கு நாய்க்குட்டி மாதிரிக் குரைக்கும். பயந்தால் பூச்சி ரீங்காரம் போலக் கரகரவென்று கத்தும், முதல் தடவை கேட்டால் பெரியவர்களே கையை உதறிவிடுவார்கள். உதறினால் அது விழும். ஆகவே இது மகளின் ஆசை, ஆனால் உங்கள் வேலை. நீங்கள் மனதார ஏற்றுக்கொண்டால் மட்டும் மேலே போகலாம்.

முடியுமா என்று கேட்டீர்கள். முடியும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். பிறந்தநாளுக்குக் கூண்டை மட்டும் வாங்குங்கள். ஹாலில் வெயில் படாத மூலையில் வையுங்கள். பிராணி இல்லாமலே ஒரு மாதம், இருப்பது போல நடந்துகொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கலவை கரைத்து, பப்பாளி நறுக்கி, கிண்ணத்தை உள்ளே வையுங்கள். காலையில் எடுத்துக் கழுவுங்கள். தினமும் தட்டைத் துடையுங்கள், வாரத்துக்கு ஒரு நாள் கூண்டு முழுதும் கழுவுங்கள். இரவு ஒரு மணி நேரம் அந்த அறையில் ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, மகளோடு உட்காருங்கள். கணவர் வரும் நேரத்தில் கதவைத் தட்டாமல் திறக்கிறாரா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போக வேண்டி வந்தால், அந்த இரண்டு நாள் வேளாவேளைக்கு யார் கிண்ணம் வைப்பார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். நாய் விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிவகங்கை வரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதும் சரிவராது. இருபதாம் நாள் அலுப்புத் தட்டினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூண்டை விற்றுவிடலாம், எந்த உயிருக்கும் தீங்கு நடக்கவில்லை. முப்பதாம் நாளும் கிண்ணம் கழுவப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். ஜோடியைப் பார்த்து எடுப்பதற்கும், வந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டிய மலப் பரிசோதனைக்கும் வழி சொல்கிறேன்.

அந்த மாதத்தில் மகளுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. இவை பகலில் தூங்குவதற்குத் துணிப்பை வேண்டும், நாலைந்தாவது வேண்டும், மாற்றி மாற்றித் துவைக்க. ஃப்ளீஸ் துணியில் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு இரண்டு அடுக்காகத் தைக்கச் சொல்லுங்கள். தையல் ஓரமெல்லாம் இரண்டு அடுக்குக்கும் நடுவே மறைந்திருக்க வேண்டும். உள்ளே கை விட்டுத் தடவினால் ஒரு நூல்கூட விரலில் தட்டக் கூடாது, அதன் நகம் அந்த நூலில்தான் சிக்கும். கொசுவலைத் துணியும், டர்க்கி டவலும் அதே காரணத்தால் ஆகாது. தைத்து முடித்த பையை அவள் இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கட்டும். அவள் வாசனை அதில் ஏறியிருந்தால், வரப்போகிற இரண்டும் முதல் நாளே அவளைத் தெரிந்துகொள்ளத் தொடங்கும்.